மகளுக்கு ஒரு மாடி: வீட்டு வேலைக்கு எப்போது அனுமதி வாங்க வேண்டும்?

நிக்காஹ் தேதி குறித்தாகிவிட்டது என்றால் நம் வீடுகளில் அடுத்து எழும் பேச்சு வீட்டைப் பற்றியதாகத்தான் இருக்கும். மகளுக்கு மேலே ஒரு மாடி போட வேண்டும். ஹாலின் நடுச்சுவரை எடுத்துவிட்டால் விருந்துக்கு இடம் தாராளமாகும். மொட்டை மாடியில் தகரம் போட்டால் வெயிலுக்கு ஆகும். வாசல் பக்க அறையைக் கடையாக்கினால் மாதா மாதம் வாடகை வரும். கொத்தனார் வந்து பார்க்கிறார், கணக்குச் சொல்கிறார், ஒரு வாரத்தில் மணலும் ஜல்லியும் வாசலில் இறங்கிவிடுகின்றன. இதற்கு நகராட்சியில் அனுமதி வாங்க வேண்டுமா என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. யாராவது கேட்டாலும், "நம்ம இடத்துல நாம கட்டுறோம், யாரைக் கேட்கணும்?" என்று பேச்சு முடிந்துவிடுகிறது.

நம் சமுதாயத்தில் இந்தக் கேள்வி எழாமல் போவதற்குத் தனியாக ஒரு காரணமும் உண்டு. வங்கிக் கடனில் வீடு கட்டுபவரிடம் வங்கியே அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைக் கேட்டு வாங்கிவிடும். அது இல்லாமல் கடன் கிடைக்காது. நம்மில் பலர் வட்டிக்கு அஞ்சி அந்தப் பக்கமே போவதில்லை. சவுதியிலும் துபாயிலும் உழைத்த பணம் வர வர, இந்த வருடம் தூண், அடுத்த வருடம் தளம் என்று கட்டம் கட்டமாகக் கட்டுகிறோம். வட்டியை விட்டு விலகியது மிக நல்ல காரியம். ஆனால் வங்கி கேட்டிருக்கக்கூடிய கேள்வியைக் கேட்க வேறு ஆளில்லாமல் போய்விட்டது. அந்தக் கேள்வியை நாமே நம்மிடம் கேட்டுக்கொள்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

மூன்று கேள்விகள்

தமிழ்நாட்டில் கட்டட அனுமதி குறித்த அடிப்படைச் சட்டம் 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம். அளவுகள், இடைவெளிகள், விலக்குகள் ஆகியவற்றை விரிவாகச் சொல்வது 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். முன்பு சென்னைக்கு ஒரு விதி, நகராட்சிக்கு ஒரு விதி, ஊராட்சிக்கு ஒரு விதி என்று பிரிந்து கிடந்தவற்றில் பெரும்பகுதியை 2019 விதிகள் ஒன்றாக்கின. "எங்க ஊர் கிராமம், அங்கெல்லாம் அனுமதி கேட்க மாட்டாங்க" என்ற எண்ணத்துக்கு இனி இடமில்லை.

விதிப் புத்தகம் முழுவதையும் படிக்க எல்லோராலும் இயலாது. எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் பெரும்பாலான சந்தேகங்கள் தீர்ந்துவிடும்.

ஒன்று: இந்த வேலையால் வீட்டின் பரப்போ உயரமோ கூடுகிறதா?

இரண்டு: கட்டடத்தின் பாரத்தைத் தாங்கும் தூண், உத்தரம், சுவர், தளம் ஆகியவற்றில் எதையாவது இது தொடுகிறதா?

மூன்று: வீடாக இருந்த இடம் வேறு பயன்பாட்டுக்கு மாறுகிறதா?

மூன்றுக்கும் "இல்லை" என்பதே பதிலானால், பொதுவாக அனுமதி தேவைப்படாது. ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் அனுமதி வேண்டும், அல்லது வேலை தொடங்கும் முன் உள்ளாட்சி அலுவலகத்திலோ பதிவு பெற்ற பொறியாளரிடமோ கேட்டுத் தெளிவுபெற வேண்டும்.

அனுமதி தேவைப்படாத வேலைகள்

அன்றாடப் பராமரிப்புக்கெல்லாம் அலுவலகத்துக்கு அலைய வேண்டியதில்லை. இதை விதிகளே சொல்கின்றன. கட்டடத்தின் உறுதிக்கும் தீப் பாதுகாப்புக்கும் பாதகம் இல்லாதவரை இவற்றுக்கு அனுமதி தேவையில்லை:

- வெள்ளையடித்தல், பெயின்ட் அடித்தல், பூச்சு வேலை, விரிசல் அடைத்தல்
- தரைக்கு டைல்ஸ் அல்லது மார்பிள் மாற்றுதல்
- உடைந்த ஓடுகளை எடுத்துவிட்டு அதே கூரைக்குப் புதிய ஓடு போடுதல்
- கதவு, ஜன்னல் வைத்தல் அல்லது மாற்றுதல். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு வழி விடுதல்
- பாரம் தாங்காத தடுப்புச் சுவரை எடுத்தல் அல்லது வைத்தல்
- நம் மனை எல்லைக்குள் ஜன்னலுக்கு மேல் வெயில் தடுப்பு அமைத்தல்
- நிலையான கட்டுமானம் எதுவும் இல்லாத தோட்ட வேலை

சமையலறை மேடையை மாற்றுவது, குளியலறைக் குழாய்களைப் புதுப்பிப்பது, முதியவர்கள் ஒளூ செய்ய வசதியாக உட்காரும் திண்டு அமைப்பது போன்றவையும் இந்த வகையைச் சேர்ந்தவையே. நிக்காஹுக்கு இரண்டு நாள் போடும் பந்தலுக்கும் கட்டட அனுமதி தேவையில்லை. தெருவை மறித்துப் போடுவதானால் அது வேறு விஷயம். அதற்குக் காவல்துறையிடமும் உள்ளாட்சியிடமும் ஒப்புதல் வேண்டும்.

இந்தப் பட்டியலில் உள்ள இரண்டு வேலைகள்தாம் குழப்பம் தருபவை. சுவரை எடுப்பது ஒன்று, கூரையை மாற்றுவது மற்றொன்று.

தடுப்புச் சுவரை எடுக்கலாம் என்று விதி சொல்வதால் எந்தச் சுவரையும் எடுக்கலாம் என்று ஆகிவிடாது. தூண்கள் இல்லாத பழைய வீடுகளில் சுவர்கள்தாம் தளத்தைத் தாங்குகின்றன. மரச்சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய மெட்ராஸ் டெரஸ் வீடுகளிலும் அப்படித்தான். நான்கரை அங்குலச் சுவர் பெரும்பாலும் தடுப்பாக இருக்கும். ஒன்பது அங்குலமோ அதற்கு மேலோ தடிமன் உள்ள சுவர் பாரம் தாங்குகிறது என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஹாலைப் பெரிதாக்க அந்தச் சுவரில் கை வைப்பது, மேலே உட்கார்ந்திருப்பவரின் கீழிருந்து நாற்காலியை இழுப்பது போன்றது. கொத்தனார் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் இதைப் பொறியாளர் ஒருவர் பார்த்தே தீர வேண்டும்.

அதேபோல், ஓட்டுக்கு ஓடு மாற்றுவது பழுதுபார்ப்பு. ஓட்டைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் தளம் போடுவது புதிய கட்டுமானம்.

மாடி எழுப்பும்போது

மாடி போடுவதில் மூன்று கேள்விகளில் இரண்டுக்கு உடனே "ஆம்" என்று பதில் வந்துவிடுகிறது. பரப்பும் உயரமும் கூடுகின்றன, பாரமும் கூடுகிறது. இதற்கு அனுமதி கட்டாயம்.

பாரம் எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விதியின் நோக்கம் விளங்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றின் மேல் போடும் 5 அங்குலக் கான்கிரீட் தளம் மட்டுமே ஏறத்தாழ மூன்றரை டன் எடை கொண்டது. அதன்மேல் சுவர்கள், டைல்ஸ், கட்டில், பீரோ, மனிதர்கள். உச்சியில் வைக்கும் 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் அது தனியாக ஒரு டன். கீழ்வீட்டைக் கட்டியபோது அஸ்திவாரம் இதையெல்லாம் நினைத்துப் போடப்பட்டதா? "பின்னால் கட்டிக்கொள்ளலாம்" என்று தூண்களின் தலையில் விட்டுவைத்த கம்பிகள் பதினைந்து வருட மழையிலும் உப்புக்காற்றிலும் துருப்பிடித்து எவ்வளவு மெலிந்திருக்கின்றன? அனுமதிக்கு வரைபடம் தயாரிக்கும் நல்ல பொறியாளர் இந்தக் கேள்விகளைக் கேட்பார். அவர் கேட்காவிட்டால் நாம் அவரிடம் கேட்க வேண்டும்.

அனுமதித் தாள் கட்டடத்தைத் தாங்கிப் பிடிக்காது என்பதையும் மறக்கக் கூடாது. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். அது அனுமதி வாங்கிக் கட்டப்பட்ட கட்டடம்தான். எனவே அனுமதியும் வேண்டும், மண்ணுக்கும் பாரத்துக்கும் ஏற்ற கட்டுமானமும் வேண்டும்.

அடுத்தது பரப்பு. மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. தளப்பரப்புக் குறியீடு என்று இதற்குப் பெயர். சாதாரண உயரமுள்ள கட்டடங்களுக்கு 2019 விதிகளின்படி இது 2. அதாவது 1,200 சதுர அடி மனையில் எல்லாத் தளங்களும் சேர்த்து 2,400 சதுர அடி வரை கட்டலாம். ஆனால் மனை முழுவதையும் மூடிக் கட்ட முடியாது. முன்னும் பின்னும் பக்கங்களிலும் காலியிடம் விட வேண்டும். எவ்வளவு விட வேண்டும் என்பது சாலையின் அகலம், மனையின் அகலம், கட்டடத்தின் உயரம் ஆகியவற்றைப் பொறுத்தது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் நிறைந்த, தொடர் கட்டடப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட பழைய தெருக்களுக்கு இதில் தளர்வு உண்டு. அங்கே வேறொரு எச்சரிக்கை தேவை. இரு வீட்டுக்கும் பொதுவான சுவரின் மேல் நம் மாடியின் பாரத்தை ஏற்றினால், விரிசல் விழுவது பக்கத்து வீட்டில்.

நம் தெருக்களில் விதிமீறல் அதிகம் நடப்பது இந்தக் காலியிடத்தில்தான். பக்கச் சந்தில் ஒரு குளியலறை, பின்புறத்தில் ஒரு சமையலறை, வெளிப்புறமாக மாடிப்படி. இடம் வீணாகக் கிடப்பதாக நமக்குத் தோன்றுகிறது. ஆனால் அது பக்கத்து வீட்டுக்குக் காற்றும் வெளிச்சமும் வரும் வழி, தீப்பிடித்தால் ஆட்கள் புகும் வழி. எல்லைச் சுவரை ஒட்டி மாடி எழுப்பி அண்டை வீட்டு முற்றத்தைப் பார்க்கும்படி ஜன்னல் வைத்தால், அந்த வீட்டுப் பெண்கள் தம் சொந்த முற்றத்துக்கே வர முடியாமல் போகிறது. அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி ஜும்ஆவில் கேட்டுவிட்டு வந்து இதைச் செய்வது எப்படிப் பொருந்தும்?

மொட்டை மாடியில் இரும்புக் கம்பம் ஊன்றித் தகரம் போட்டு நிலையாக மூடுவதும் கட்டுமானமே. அதைப் பந்தல் கணக்கில் சேர்க்க முடியாது. வாசற்படியையும் வண்டி ஏற்றும் சாய்தளத்தையும் தெருவுக்குள் நீட்டுவதற்கோ அனுமதி என்ற பேச்சே இல்லை. அது பொது இடத்தை ஆக்கிரமிப்பதாகும்.

வீடு வேறொன்றாக மாறும்போது

ஒரு செங்கல் கூட வைக்காமலேயே அனுமதி தேவைப்படும் சந்தர்ப்பமும் உண்டு. வாசல் அறையில் மளிகைக் கடை, மாடியில் தையல் பட்டறை, முழு வீட்டையும் கிளினிக்குக்கு வாடகைக்கு விடுவது எல்லாம் பயன்பாட்டு மாற்றம். குடியிருப்புப் பகுதியில் சிறு கடைகளுக்கு விதிகளில் இடம் உண்டு என்றாலும், அந்த வரம்புக்குள் வருகிறதா என்று பார்த்து முறைப்படி மாற்றிக்கொள்ள வேண்டும். வீட்டு மின் இணைப்பிலேயே கடையை நடத்தினால் மின்வாரியம் தனியாக அபராதம் போடும். சொத்து வரியும் மாறும்.

நமக்கு முக்கியமான இரண்டு மாற்றங்களைத் தனியே சொல்ல வேண்டும்.

முதலாவது, தொழும் இடம். வீட்டில் குடும்பத்தார் தொழுவதற்கு ஓர் அறையை ஒதுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டை ஊரார் வந்து கூடும் நிரந்தரத் தொழுகைக் கூடமாக மாற்றினால் சட்டம் அதைப் பொது வழிபாட்டுக் கட்டடமாகப் பார்க்கிறது. அதற்கு மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி தேவை என்பதைப் பல்லாண்டுகளாகவே நகராட்சிக் கட்டட விதிகளும் ஊராட்சிக் கட்டட விதிகளும் சொல்லிவருகின்றன. எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான விதி இது. அனுமதி இல்லாமல் தொடங்கி, புகார் வந்து, சீல் வைக்கப்பட்டு, உயர் நீதிமன்றம் வரை சென்ற வழக்குகள் பல. நல்ல எண்ணத்தோடு ஒருவர் கொடுத்த வீடு ஊரின் அமைதிக்கே சோதனையாகிவிடுகிறது. கட்டடத்தைத் திறந்த பிறகு ஓடுவதைவிட, ஜமாஅத் நிர்வாகம் முன்கூட்டியே ஆட்சியரிடம் விண்ணப்பிப்பதே அறிவுடைமை.

இரண்டாவது, மாடியில் நடக்கும் மக்தப். பத்துப் பிள்ளைகளோடு தொடங்கும் குர்ஆன் வகுப்பு ஐம்பது பிள்ளைகளாக வளர்கிறது. மேலே தகரமோ கீற்றோ வேய்ந்த கொட்டகை, கீழே இறங்க ஒரே குறுகிய படி. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கீற்றுக் கூரை தீப்பற்றி 94 பள்ளிக் குழந்தைகள் இறந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. பிள்ளைகள் கூடும் இடத்துக்கு இரண்டாவது வழியும் தீப்பற்றாத கூரையும் வேண்டும் என்று விதி கேட்டால், அது நம் பிள்ளைகளுக்காகவே கேட்கிறது.

இந்த இடம் யாருடையது?

அனுமதி விண்ணப்பத்தோடு முதலில் வைக்க வேண்டியவை பத்திரமும் பட்டாவும். கட்டப்போகும் இடம் யாருடையது என்பதுதான் அலுவலகத்தின் முதல் கேள்வி. பலர் அனுமதி கேட்கத் தயங்குவதன் உண்மையான காரணம் கட்டணமோ அலைச்சலோ அல்ல, இந்தக் கேள்விதான்.

தந்தை மவுத்தாகிப் பல வருடங்கள் ஆகியிருக்கும். பத்திரம் இன்னும் அவர் பெயரில். வீட்டில் இருப்பவர் மூத்த மகன். அவர் மேலே மாடி போட விரும்புகிறார். ஷரீஅத்தின்படி, கடனும் வஸிய்யத்தும் போக எஞ்சிய சொத்தில், தந்தை மறைந்த அந்த நேரமே மனைவி, மகன்கள், மகள்கள் என வாரிசுகள் அனைவருக்கும் அவரவர் பங்கு உறுதியாகிவிட்டது. நம் தனிநபர் சட்டத்தை ஏற்று நாட்டின் நீதிமன்றங்களும் அப்படியே சொல்கின்றன. ஆகவே அந்த மொட்டை மாடியில் வேறு ஊரில் வாழ்க்கைப்பட்ட சகோதரிக்கும் பங்கு உண்டு. முறைப்படி விண்ணப்பித்தால் அவருடைய கையெழுத்து வேண்டும். கையெழுத்துக் கேட்டால் பங்கைப் பற்றிப் பேச வேண்டிவரும். அதைத் தவிர்ப்பதற்காகவே அனுமதி இல்லாமல் கட்டப்படும் மாடிகள் நம் ஊர்களில் இருக்கின்றன.

இங்கே நகராட்சியின் கேள்வியும் ஷரீஅத்தின் கேள்வியும் ஒன்றாகின்றன. பாகப்பிரிவினையை முதலில் முடியுங்கள். சகோதரி தன் பங்கை விட்டுக்கொடுப்பதானால் அது அவருடைய மனமொப்பிய முடிவாக இருக்கட்டும். அதைப் பதிவு செய்துவிட்டுப் பிறகு செங்கல் வையுங்கள்.

மகளுக்கென்று மாடி கட்டும் தந்தையரும் இதைக் கவனிக்க வேண்டும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மகளுக்கு வீடு கொடுப்பது நெடுநாள் வழக்கம். மற்ற ஊர்களிலும் மாடியாவது கட்டிக் கொடுக்கிறோம். "இது உனக்குத்தான் உம்மா" என்று வாயால் சொல்வதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். கொடுப்பதாகச் சொல்லி, அவர் ஏற்று, கைவசமும் ஒப்படைத்தால் ஹிபா நிறைவேறிவிடும், எழுத்து கட்டாயமில்லை என்பது சரிதான். ஆனால் தந்தை மறைந்த பிறகு அதை நிரூபிக்க மகளிடம் என்ன இருக்கும்? பதிவு செய்த ஆவணமும் இல்லை, மாடிக்கு அனுமதியும் இல்லை என்றால் அந்த மாடியை அவர் பெயருக்கு மாற்றுவதும் விற்பதும் பெரும் சிரமம். சகோதரர்கள் பங்கு கேட்டு வந்தால் தன்னுடையது என்று காட்டத் தாள் ஒன்றுகூட இருக்காது. கட்டிக் கொடுக்கும் அன்பு உண்மையானதென்றால் இரண்டு தாள்களையும் சேர்த்துக் கொடுப்போம்.

வக்ஃப் மனைகளில் வாடகைக்குக் குடியிருப்போர் முதவல்லியின் வாய்ச்சொல்லை நம்பி மாடி எழுப்பக் கூடாது. அந்த நிலம் குடியிருப்பவருடையதும் அல்ல, முதவல்லியுடையதும் அல்ல. எழுத்துமூலமான ஒப்புதல் வேண்டும்.

மனை வாங்கிக் கட்டுவோர், அது அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவில் உள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். 2016 அக்டோபர் 20க்கு முன் விற்கப்பட்ட அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் தனி விதிகள் வந்தன. அப்படி வரன்முறை செய்யாத மனையில் கட்டட அனுமதி கிடைப்பது கடினம்.

சில ஊர்களுக்குக் கூடுதல் விதிகள்

கடலோர ஊர்களில் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வரக்கூடும். அங்கே உள்ளாட்சியின் அனுமதிக்கு முன் இந்த மண்டலத்துக்கான ஒப்புதலும் தேவைப்படும். சில இடங்களில் புதிதாகக் கட்டவே முடியாது.

வேலூர்க் கோட்டை, செஞ்சிக் கோட்டை போன்று மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களைச் சுற்றி முதல் 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. தடை செய்யப்பட்ட பகுதியில் புதிய கட்டடம் கூடாது. இருக்கும் வீட்டைப் பழுதுபார்ப்பதற்கே அந்தத் துறையின் அனுமதி வேண்டும். மற்ற இடங்களில் அனுமதி தேவைப்படாத வேலைகளுக்கும் இங்கே தேவைப்படலாம் என்பதால் இந்த ஊரார் கூடுதலாக விசாரித்துக்கொள்ள வேண்டும். நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப் பகுதிகளுக்கும் தனிக் கட்டுப்பாடுகள் உள்ளன.

விண்ணப்பிப்பது எப்படி?

முன்பு இருந்த அலைச்சல் இப்போது பெருமளவு குறைந்திருக்கிறது. 2024 ஜூலை 22 அன்று தமிழக அரசு சுயசான்று முறையைத் தொடங்கியது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ தரைத்தளத்துடன் முதல் தளமோ கொண்ட குடியிருப்பு என்றால், ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஆவணங்களையும் வரைபடத்தையும் பதிவேற்றிக் கட்டணம் செலுத்தி உடனடியாக அனுமதி பெறலாம். நம் நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளில் பெரும்பாலானவை இந்த அளவுக்குள் அடங்கும்.

"சுயசான்று" என்ற சொல்லின் கனத்தை உணர வேண்டும். அளவுகளும் உரிமையும் உண்மை என்று நாமே சான்று கொடுக்கிறோம். அதிகாரி நேரில் வந்து பார்க்கவில்லை என்பதற்காகத் தவறான அளவைக் கொடுத்தால் அனுமதி ரத்தாகும், பொறுப்பும் நம் தலையில் விழும். அது ஓர் அமானிதம். பழைய வீட்டின் மேல் மாடி போடுவோர், ஏற்கனவே உள்ள தரைத்தளத்துக்கு அனுமதி இருந்ததா, இரண்டும் சேர்ந்து வரம்புக்குள் வருகின்றனவா என்பதைப் பதிவு பெற்ற பொறியாளரிடம் காட்டிக் கேட்டபின் விண்ணப்பிப்பது நல்லது. இந்த வரம்பைத் தாண்டும் கட்டடங்களுக்கு உள்ளாட்சி வழியாகவும், பெரியவற்றுக்குச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அல்லது நகர் ஊரமைப்பு இயக்ககம் வழியாகவும் விண்ணப்பிக்க வேண்டும்.

அனுமதிக்குக் காலக்கெடு உண்டு. அது உத்தரவிலேயே அச்சிடப்பட்டிருக்கும். பணம் வர வரக் கட்டும் நம் குடும்பங்கள் அந்தத் தேதியைக் குறித்துவைத்து, முடிவதற்கு முன்பே நீட்டிப்புக் கேட்க வேண்டும்.

"கொஞ்சம் கவனித்தால் போதும்"

இந்த வாக்கியத்தை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அனுமதிக்கு ஆகும் செலவில் பாதியைக் கையில் கொடுத்துவிட்டால் யாரும் வந்து கேட்க மாட்டார்கள் என்று இடைத்தரகர் சொல்வார். அது ஹராம் என்பதைத் தனியே விளக்கத் தேவையில்லை. உலகக் கணக்கில் பார்த்தாலும் நட்டம்தான். பணம் வாங்கியவர் மாற்றலாகிப் போய்விடுவார். அவர் ரசீது எதுவும் கொடுக்கவில்லை. அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்குவார். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் லஞ்சம் கொடுப்பவரும் சட்டப்படி குற்றவாளி. நிர்ப்பந்தத்தால் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் புகார் செய்தால்தான் அவருக்குப் பாதுகாப்பு.

இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு. "சொத்து வரி கட்டுகிறோம், கரண்ட் இணைப்பு இருக்கிறது, பிறகென்ன?" வரி ரசீது வரி கட்டியதற்குச் சான்று. மின் கட்டண அட்டை மின்சாரம் பயன்படுத்தியதற்குச் சான்று. இரண்டும் கட்டட அனுமதி ஆகா.

ஏற்கனவே கட்டிவிட்டவர்களுக்கு

அனுமதியின்றிக் கட்டிய பகுதி விதிகளின் அளவுக்குள் இருக்குமானால், வரைபடம் தயாரித்து உரிய கட்டணத்துடன் அனுமதிக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. விதியை மீறிய பகுதியைத் திருத்தவோ அகற்றவோ வேண்டிவரலாம். நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காமல் பொறியாளரையும் வழக்கறிஞரையும் பார்த்துவிடுவது நல்லது.

நோட்டீஸ் வந்துவிட்டால் வாங்க மறுக்காதீர்கள், கிழித்துப் போடாதீர்கள். உரிய நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அதிகாரியின் உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வழி உண்டு. ஆனால் அதற்கும் கெடு உண்டு.

வட மாநிலங்களில் வீடுகள் மீது புல்டோசர் ஏறிய செய்திகளைப் படித்து நம் குடும்பங்கள் கலங்கியிருக்கின்றன. 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் இது குறித்து நாடு முழுமைக்கும் வழிமுறை வகுத்தது. குற்றம் சாட்டப்பட்டவர் என்பதற்காக ஒருவருடைய வீட்டை இடிக்க முடியாது. இடிப்பதற்கு முன் குறைந்தது 15 நாட்கள் அவகாசம் தரும் நோட்டீஸ் வேண்டும், நேரில் விளக்கம் கேட்க வேண்டும், இடிப்பதை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும். இது பெரிய பாதுகாப்புதான். ஆனால் அந்தத் தீர்ப்பை முழுமையாகப் படிக்க வேண்டும். சாலை, நடைபாதை, ரயில் பாதை ஓரம், நீர்நிலை ஆகிய பொது இடங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளுக்கு அந்த வழிமுறைகள் பொருந்தா. மற்ற இடங்களிலும் அது நமக்குத் தருவது அவகாசமும் விசாரணையும் மட்டுமே. அனுமதி இல்லாத கட்டடத்தை அனுமதி உள்ளதாக அது ஆக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 17 அன்று இன்னொரு வழக்கில், பல காலமாக நிற்கிறது என்பதற்காக அனுமதியற்ற கட்டடம் சட்டபூர்வமாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. மின்சாரம், குடிநீர் இணைப்பு தருவோரும் கடன் தரும் வங்கிகளும் சான்றிதழைப் பார்க்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

இந்த இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால் நாம் செய்ய வேண்டியது விளங்கும். பாரபட்சத்துக்கு அஞ்சும் குடும்பம் மற்றவர்களைவிட ஒரு படி கூடுதலாகவே தாள்களைச் சரியாக வைத்திருக்க வேண்டும். நம் கையில் அனுமதி இருந்தால், கேட்டு வருபவர் எவரானாலும் அதைக் காட்டிவிட்டு நிம்மதியாக உட்காரலாம்.

மஹல்லா அளவில் இதற்கு ஓர் எளிய வழியும் இருக்கிறது. நம் பிள்ளைகளில் சிவில் பொறியாளர்களும் வழக்கறிஞர்களும் இல்லாத ஊர் இன்று குறைவு. மாதம் ஒரு நாள், ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம் அவர்கள் பள்ளிவாசல் அலுவலகத்தில் அமர்ந்து, வீட்டு வேலை தொடங்கப்போகிறவர்களுக்கு ஆலோசனை சொல்ல ஜமாஅத் ஏற்பாடு செய்யலாம். நிக்காஹ் தேதியைப் பதிவு செய்ய வரும் பெண் வீட்டாரிடம், "மாடி போடுகிறீர்களா? அனுமதி வாங்கியாகிவிட்டதா? யார் பெயரில் எழுதப்போகிறீர்கள்?" என்று நிர்வாகிகள் கேட்டாலே போதும், பல வழக்குகள் பிறக்காமலே நின்றுவிடும்.

வீட்டு வேலை தொடங்கப்போகிறவர்கள் ஐந்து விஷயங்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: இடம் யார் பெயரில் உள்ளது, வாரிசுகள் அனைவரும் ஒப்பினார்களா, பொறியாளர் அஸ்திவாரத்தைப் பார்த்தாரா, அனுமதி கையில் வந்ததா, பக்கத்து வீட்டாரிடம் சொல்லியாகிவிட்டதா. ஐந்துக்கும் நேராக டிக் விழுந்த பிறகு கொத்தனாருக்கு முன்பணம் கொடுங்கள். அப்படிக் கட்டப்படும் வீட்டில் வாழ்வோருக்கு அல்லாஹ் பரக்கத்தையும் நிம்மதியையும் தருவானாக.